சந்திரயாத்திரைக் கணனியும் அதற்குக் கட்டளை வகுத்த முறைமையும்

கணனி என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் மேசைமீது ஒளிரும் திரையும் எழுத்துப் பலகையுமே பலருடைய மனக்கண்முன் தோன்றும். ஆயின் உலகிலுள்ள கணனிகளுட் பெரும்பாலானவை திரையுமற்றவை, எழுத்துப் பலகையுமற்றவை. அவை மோட்டார் வண்டியின் எஞ்சினுள்ளும், உடுப்புத் தோய்க்கும் யந்திரத்துள்ளும், நோயாளிக்கு மருந்து செலுத்தும் பம்பியினுள்ளும் மறைந்திருந்து, தாம் இருப்பதே பிறர்க்குத் தோன்றாவண்ணம் தொழில் புரிவன. பிறிதொரு கருவியின் உறுப்பாய் அமைந்த இத்தகைய கணனிக்கும் கணக்கியல் நிலையத்திற் கிடக்கும் பெருங்கணனிக்கும் உள்ள வேற்றுமை உருவத்தின் அளவு மட்டுமன்று. பெருங்கணனி ஒரு கணக்கைச் சற்றுத் தாமதித்து முடிப்பின் காத்திருப்பவருக்குச் சலிப்பு உண்டாகும், அவ்வளவே. மறைந்திருக்கும் கணனி தாமதிப்பின் எஞ்சின் நின்றுவிடும், அல்லது கலம் கவிழ்ந்துவிடும். அதனுடைய நினைவகமோ மிகச் சிறியது. பழுது நேரின் அருகிருந்து திருத்துவோரும் இலர்.

ஆகவே இக்கணனிக்குக் கட்டளை வகுக்கப் புகுவோர் முன்னே தொடக்கத்திலேயே இரு வினாக்கள் எழுகின்றன. யந்திரம் நேரே விளங்கிக்கொள்ளும் பொறிமொழியில் எழுதுவதா, அன்றி மனிதர்க்கு இயல்பான உயர்மொழியொன்றில் எழுதுவதா என்பது ஒன்று. பல வேலைகளை ஒரே கணனி செய்யவேண்டியிருக்கும்போது, பாடசாலை நேரசூசிபோல ஒவ்வொன்றுக்கும் முன்னரே வேளை குறித்துவிடுவதா, அன்றி அவ்வப்போது எது முதன்மையானதோ அதனைச் செய்யவிடுவதா என்பது மற்றையது. இவ்விரு வினாக்களும் இன்றும் தீர்ந்தபாடில்லை. எனினும் இவை முதன்முதல் உயிராபத்தோடு கூடிய பெருஞ்சோதனைக்குட்பட்ட இடம் அப்பலோ விண்கலத்தின் வழிகாட்டுங் கணனியேயாம்.

ஐக்கிய அமெரிக்க சனாதிபதி கெனடி 1961ஆம் ஆண்டு மே மாதத்தில், அப்பத்தாண்டு முடிவதற்குள் மனிதனைச் சந்திரனில் இறக்கி மீட்டுக்கொணர்வது எனத் தம் நாட்டவர் முன் உறுதிகூறினார். அதே ஆண்டு ஆகஸ்ற் மாதத்தில் அத்திட்டத்தின் முதற் பெரும் ஒப்பந்தம் மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் கருவியியல் ஆய்வுகூடத்துக்கு வழங்கப்பட்டது. சாள்ஸ் ஸ்ராக் டிறேப்பர் தலைமைதாங்கிய அவ்வாய்வுகூடம் பொலாறிஸ் ஏவுகணைக்கு வழிகாட்டுங் கருவி அமைத்துப் புகழ்பெற்றது. அன்றியும், 1950களின் பிற்பகுதியிலேயே செவ்வாய்க் கிரகத்துக்கு ஆளில்லாக் கலமொன்றை அனுப்புவது பற்றி அங்குள்ள ஹல் லானிங், றிச்சட் பற்றின் முதலியோர் ஆராய்ந்து, அதற்கேற்ற சிறு கணனியொன்றையும் கற்பனை செய்து வைத்திருந்தனர். அப்பலோக் கணனி அக்கற்பனையின் வழித்தோன்றலாகும். அக்கணனிக்கு எழுதப்படவேண்டிய செய்நிரலைப் பற்றித் தொடக்கத்தில் எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. இறுதியில் அதற்கெனச் செலவாகிய மனித உழைப்பு ஏறத்தாழ 1,400 ஆளாண்டுகள் எனக் கணக்கிட்டனர்.

சந்திரனுக்குச் சென்ற அக்கணனியின் நிறை ஏறத்தாழ 70 இறாத்தல். அது உண்ட மின்வலு 55 உவாற்று. மங்கலானதொரு மின்குமிழுக்குப் போதுமானது. எழுதி அழிக்கத்தக்க நினைவகம் 2,048 சொற்களையும், அழிக்கவொண்ணா நினைவகம் 36,864 சொற்களையும் கொண்டிருந்தன. ஒவ்வொரு சொல்லும் 15 பிற்றுகளும் சரிபார்ப்புக்கான ஒரு பிற்றும் உடையது. ஒரு கூட்டலைச் செய்ய 23.4 மைக்குரோ செக்கன் சென்றது. கட்டளைப் பெருங்கலத்தில் ஒன்றும் சந்திரனில் இறங்குங் கலத்தில் ஒன்றுமாக இத்தகைய இரு கணனிகள் சென்றன.

அழிக்கவொண்ணா நினைவகத்தின் அமைப்பு தனிச்சிறப்பு வாய்ந்தது. அதனைக் 'கயிற்று நினைவகம்' என அழைத்தனர். சிறு காந்த வளையங்களினூடே செப்புக்கம்பி ஊடுருவிச் சென்றால் ஒன்று, வளையத்துக்கு வெளியே விலகிச் சென்றால் சுழி. இவ்வாறு செய்நிரல் முழுவதும் கம்பியாற் பின்னப்பட்டது. மசாச்சூசெற்சைச் சேர்ந்த வோல்தம் நகரில் றேதியன் கொம்பனியின் தொழிற்சாலையிலே பெண் தொழிலாளர் துளைநாடாவின் வழிகாட்டலோடு ஊசிகொண்டு அதனைப் பின்னினர். பின்னி முடிக்க வாரங்கள் பல சென்றன. முடித்தபின் ஒரு பிற்றையேனும் மாற்ற இயலாது. எழுதியதை அழித்துத் திருத்தலாம் என்னும் எண்ணமே இல்லாத அந்நிலையில், எழுதும் முறையைத் தெரிவுசெய்வது எத்துணைப் பொறுப்புவாய்ந்தது என்பதைக் கூறவேண்டுவதில்லை.

முதல் வினாவாகிய மொழிபற்றிய வினாவுக்கு வருவோர், முதலில் 15 பிற்றுச் சொல்லின் வறுமையை உணர்தல் வேண்டும். குறிக்கென ஒரு பிற்றை ஒதுக்கியபின் எஞ்சுவன 14. அவற்றாற் குறிக்கக்கூடிய படிகள் 16,384 மட்டுமே. பூமிக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட 3,84,000 கிலோமீற்றரை அத்தனை படிகளாற் பகுத்தால் ஒரு படி 23 கிலோமீற்றருக்கும் மேற்படும். 23 கிலோமீற்றர் பிழையோடு சந்திரனில் இறங்கப் புகுவது இறங்குவதாகாது. எனவே இரு சொற்களை இணைத்து 28 பிற்றுகளால் ஓர் எண்ணைக் குறிக்கவேண்டியதாயிற்று; அப்போது ஒரு படி ஒன்றரை மீற்றருக்குங் குறைகின்றது. ஆயின் பொறிமொழியில் இரட்டைச் சொல் எண்களைப் பெருக்குவதற்கே பல கட்டளைகள் வேண்டும். வழிகாட்டற் சமன்பாடுகளோ காவிகளும் தாயங்களும் நிறைந்தவை. அவையனைத்தையும் பொறிமொழியிற் பரப்பி எழுதின் 36,864 சொற்கள் எம்மூலைக்கும் போதா.

இங்கேதான் லானிங்கும் அவருடன் பணியாற்றிய சாள்ஸ் மன்ஸ் என்பவரும் ஒரு வழி கண்டனர். லானிங் இத்துறைக்குப் புதியவரல்லர். 1950களின் முற்பகுதியில், போற்றான் மொழி பிறப்பதற்கு முன்னரே, அட்சரகணிதச் சமன்பாடுகளை அப்படியே ஏற்றுப் பொறிமொழியாக்குஞ் செய்நிரலொன்றை வேள்விண்ட் என்னுங் கணனிக்கு எழுதியவர். அப்பலோவுக்கு அவர்கள் அமைத்தது அத்தகைய முன்கூட்டிய மொழிபெயர்ப்பு அன்று. நீதிமன்றத்திலே சாட்சியின் கூற்றை வாக்கியம் வாக்கியமாக அவ்விடத்திலேயே பெயர்த்துரைக்கும் துவிபாஷியைப் போன்ற செய்நிரலொன்றை அவர்கள் கணனியினுள் குடியிருத்தினர். காவிகளைக் கூட்டுக, தாயத்தாற் பெருக்குக, சைன் காண்க என்றவாறான கற்பனைக் கட்டளைகளை அத்துவிபாஷி ஒவ்வொன்றாக வாசித்து நிறைவேற்றும். ஒரு சொல்லினுள் இத்தகைய இரு கட்டளைகளை அடக்கலாம். ஆகவே நினைவகத்திற் பெருஞ் சிக்கனம் உண்டாயிற்று.

அதற்குக் கொடுத்த விலை வேகம். துவிபாஷியின் வழியாகச் செல்லும் கணக்கு நேரே பொறிமொழியிற் செல்வதிலும் பன்மடங்கு மெதுவானது. எனவே அவர்கள் ஒரு மொழியையே கட்டிக்கொண்டு அழவில்லை. கலம் செல்லும் பாதையைக் கணிக்கும் நீண்ட கணக்குகளைத் துவிபாஷியிடம் விட்டனர். செக்கனுக்குப் பத்து முறை கலத்தின் நிலையை நோக்கிச் சிறு உந்திகளை எரிக்கவேண்டிய தன்னியக்கச் செலுத்தியைப் பொறிமொழியில் எழுதினர். இத்தகைய கலப்புமுறை தூய்மை நாடுவோருக்கு உவப்பளிக்காது. இரு மொழியையும் கற்றவரே செய்நிரலாளராக முடியும் என்பதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் ஒவ்வோரிடமும் பிழைக்கு வாயிலாகும் என்பதும் உண்மையே. எனினும் நினைவகமும் வேகமும் ஒருங்கே முட்டுப்படும்போது வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. 1966ஆம் ஆண்டளவில் நினைவகம் நிரம்பி வழிந்து, எழுதியவற்றுட் பலவற்றை வெட்டி எறியவேண்டிய நிலை ஏற்பட்டது. துவிபாஷி இல்லாதிருப்பின் அந்நிலை இன்னும் முன்னரே வந்திருக்கும்.

இரண்டாம் வினாவாகிய நேரப் பங்கீடு இதனினுஞ் சிக்கலானது. நேரசூசி முறையை விரும்புவோர் அக்காலத்திலும் இருந்தனர். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மில்லிசெக்கன் என முன்னரே ஒதுக்கிவிட்டால், கணனி எக்கணத்தில் எதைச் செய்யும் என்பது எழுதுவோனுக்குத் தெரியும், சோதிப்பதும் எளிது. இம்முறையின் குறை அதன் விறைப்பு. ஒரு வேலை சிறிது நீண்டால் முழு நேரசூசியையும் மாற்றி வகுத்தல் வேண்டும். நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே எழுதும் செய்நிரலில் இது ஓயாத் தொல்லையாகும்.

லானிங் தெரிந்துகொண்டது முன்னுரிமை முறை. கணனியினுள் 'நிர்வாகி' எனத்தக்க செய்நிரலொன்றை அவர் அமைத்தார். ஒவ்வொரு வேலையும் தனக்குரிய முன்னுரிமை எண்ணோடு நிர்வாகியிடம் பதிவுசெய்துகொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் வேலை தன்னிலும் உயர்ந்தவர் எவரேனும் வந்துள்ளனரா என இடையிடையே நோக்கி, வந்திருப்பின் இடம்விட்டு ஒதுங்கும். ஒதுங்கும் வேலை தன் இடைக்கணக்குகளை வைத்துச்செல்ல 12 சொற்கள் கொண்ட சிறு அறையொன்று கொடுக்கப்பட்டது. இறங்குங் கலத்தின் கணனியில் அத்தகைய அறைகள் எட்டு. துவிபாஷியைப் பயன்படுத்தும் பெரிய வேலைகளுக்கெனப் பேரறைகள் ஐந்து. மிகக் குறுகிய வேலைகளைக் குறித்த நேரத்தில் இடையறுத்துச் செய்வதற்குக் 'காத்திருப்புப் பட்டியல்' என வேறோர் ஏற்பாடும் இருந்தது.

இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்தனர். மின்தடங்கலோ வேறு குழப்பமோ நேர்ந்தால் கணனி அனைத்தையும் உதறிவிட்டு மீளத் தொடங்கும். ஆயின் முக்கிய வேலைகள் தாம் எக்கட்டத்தில் நின்றன என்பதை அவ்வப்போது அழிநினைவகத்திற் குறித்து வைத்திருக்குமாதலால், அக்கட்டத்திலிருந்தே தொடரும். முக்கியமற்ற வேலைகள் மறக்கப்படும். மாகிறற் ஹமில்ரன் போன்றோரின் தலைமையில் செய்நிரலை எழுதியோர் இம்மீள்தொடக்கத்துக்காக அடைந்த சிரமம் சிறிதன்று. வீண்சிரமம் என முணுமுணுத்தோரும் இருந்திருப்பர். அதன் பயன் தெரியவந்தது 1969ஆம் ஆண்டு யூலை 20ஆந் திகதியிலாகும்.

அன்று ஆம்ஸ்ரோங்கும் அல்ட்ரினும் சந்திரனை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். சந்திரமேற்பரப்புக்கு ஏறத்தாழ 33,000 அடி உயரத்தில் கணனி 1202 என்னும் அபாயக் குறியைக் காட்டியது. அக்குறியின் பொருள், வேலைகளுக்குக் கொடுக்க அறை எதுவும் மிச்சமில்லை என்பதே. இறங்கும் சில நிமிடங்களுள் 1202 நான்கு முறையும், பேரறைகள் தீர்ந்தமையைக் குறிக்கும் 1201 ஒரு முறையும் தோன்றின. ஹூஸ்ரன் நகரிலிருந்த கட்டுப்பாட்டு நிலையத்தில் இருபத்தாறு வயதினரான ஸ்ரீவ் பேல்ஸ் இறக்கத்தைத் தொடரலாமா, கைவிடுவதா என உடனே கூறவேண்டியவரானார். அவருக்குத் துணையிருந்த இருபத்துநான்கு வயதினரான ஜாக் கார்மன், சில நாட்களுக்கு முன் ஒத்திகையொன்றில் நேர்ந்த தவறின் பின்னர் இத்தகைய குறிகள் யாவற்றுக்கும் கைப்படப் பட்டியல் எழுதி வைத்திருந்தார். குறி ஓயாமல் தொடராதாயின் அஞ்சவேண்டுவதில்லை என அப்பட்டியல் கூறிற்று. தொடர்க என்றனர், கலம் இறங்கியது.

நடந்தது யாது? மேலே சுற்றும் பெருங்கலத்தை நோக்குதற்கான றேடார்க் கருவியின் ஆளி வைக்கப்பட்டிருந்த நிலையில், அக்கருவிக்குச் சென்ற ஆடலோட்டமும் கணனியின் பக்கத்து ஆடலோட்டமும் ஒரே மீடிறன் உடையனவாயினும் ஒரே அவத்தையில் இருக்கவில்லை. இதனால் றேடாரின் கோணத்தை அளக்கும் இரு எண்ணிகள் பொருளின்றித் துடித்தன. செக்கனுக்கு 12,800 துடிப்புகள் வரை கணனியை அடைந்தன, ஒவ்வொன்றும் 11.7 மைக்குரோ செக்கனைத் திருடியது. பெருக்கிப் பார்ப்பின் கணனியின் நேரத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு களவுபோயிற்று என்பது புலனாகும். இறக்கத்தின் தலையாய கணக்கு இரண்டு செக்கனுக்கு ஒரு முறை தொடங்குவது. 0.3 செக்கன் களவுபோனமையால் முந்திய கணக்கு முடியுமுன் அடுத்தது தொடங்கியது. முடியாத கணக்குகள் ஒவ்வொன்றும் ஓர் அறையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அறைகள் தீர்ந்தன. உடனே கணனி மீளத் தொடங்கி, தேங்கிய கணக்குகளையும் அல்ட்ரின் வேண்டியிருந்த மேலதிகத் திரைக்காட்சியையும் உதறிவிட்டு, கலத்தைச் செலுத்தும் வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இவையனைத்தும் கலத்தினுள் இருந்தோர் உந்தியில் ஒரு தளம்பலையும் உணராவண்ணம் நிகழ்ந்தன.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு முன்னுரிமை முறையே சிறந்ததென முடிவுகட்டுவோர் பலர். அம்முடிவு முற்றும் பொருந்துவதன்று. நேரசூசி முறையிலாயின், பதினைந்து பங்கு குறைந்தவுடன் குறித்த வேளைக்கு வேலை முடியாமற் கணக்கு முழுவதுங் குலைந்திருக்கும் என்பது மெய். ஆயினும் நேரசூசி முறை எழுதுவோரை ஒவ்வொரு மில்லிசெக்கனையும் எண்ணவைப்பது. முன்னுரிமை முறை மிச்சம் எவ்வளவு என்பதை மறைத்து, விளிம்புவரை பாரம் ஏற்றுதற்கு இடங்கொடுப்பது. சந்திரனில் கலத்தைக் காத்தது முன்னுரிமை முறை மட்டுமன்று. அதனோடு சேர்ந்து நின்ற மீள்தொடக்கமேயாகும். இவ்விரண்டையும் பிரித்து நோக்காமையாற் பிற்காலத்தில் நேர்ந்த இடர்களும் உள.

1971ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆந் திகதி அப்பலோ 14இல் நிகழ்ந்ததும் ஈண்டு நோக்கற்பாலது. இறக்கத்தைக் கைவிடுமாறு கட்டளையிடும் பொத்தானை எவரும் தொடாதிருக்க, தொட்டதாகவே அதன் மின்குறி கணனிக்குக் காட்டியது. உந்தி எரியத் தொடங்கியதும் கணனி அதனை நம்பிக் கலத்தை மேலே திருப்பிவிடும். கயிற்று நினைவகத்தையோ மாற்ற இயலாது. ஆய்வுகூடத்திலிருந்த டொன் ஐல்ஸ் என்னும் இளைஞர் இரண்டு மணி நேரத்துள் வழி கண்டார். கைவிடுதலைச் செய்யுமுன் கணனி, தான் ஏற்கெனவே கைவிடும் நிலையில் உள்ளதா என அழிநினைவகத்தில் ஓரிடத்தைப் பார்ப்பது வழக்கம். அவ்விடத்தில் கைவிடுதலுக்குரிய 71 என்னும் எண்ணை எழுதிவைத்தால், செய்யவேண்டியது செய்யப்பட்டுவிட்டது எனக் கணனி வாளாவிருக்கும். அந்த எண்ணையும் அதனைப் பின்னர் நீக்கும் முறையையும் எட்கர் மிற்செல் கலத்திலிருந்து ஏறத்தாழ அறுபது விசையழுத்தங்களால் உட்புகுத்தினார். ஷெப்பேட்டும் அவரும் இறங்கினர். பொறிமொழியின் ஒவ்வொரு சொல்லையும் மனப்பாடமாக அறிந்தவராலன்றி இது கைகூடியிராது. உயர்மொழியின் நன்மைகளை விரித்துரைப்போர் இதனையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

அப்பலோவுக்குப் பின்வந்த விண்ணோடத்தில் மொழிபற்றிய தெரிவு உயர்மொழியின் பக்கம் சாய்ந்தது. அதற்கென இன்ரமெற்றிக்ஸ் கொம்பனி வகுத்த மொழியின் பெயர் ஹல்-எஸ். லானிங்கின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டதென்பர். நேரப் பங்கீட்டிலோ இரு முறையும் ஒரே கலத்தில் ஏறின. முதன்மைச் செய்நிரல் முன்னுரிமை முறையிலும், வேறொரு கொம்பனி எழுதிய மாற்றுச் செய்நிரல் நேரசூசி முறையிலும் அமைந்தன. 1981ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆந் திகதி முதற் பயணத்துக்கு ஆயத்தமான வேளையில் இவ்விரண்டும் காலத்தில் ஒத்துப்போகாமையாற் பயணம் நின்றது. இரு நாட் கழித்தே கலம் எழுந்தது. அறுபத்தேழில் ஒரு முறை மட்டுமே நேரக்கூடிய பிழை அது. அதனை விளக்கிக் கட்டுரை எழுதியவர், 1202 குறிக்குப் பட்டியல் எழுதிய அதே கார்மன்.

இதற்கிடையில் பூமியிலே கணனி முழுவதும் ஒரு சில்லினுள் ஒடுங்கத் தொடங்கியது. 1974இல் ரெக்சஸ் இன்ஸ்றுமென்ற்ஸ் கொம்பனியின் சில்லும், 1976இல் இன்ரெல் கொம்பனியின் 8048உம், 1980இல் 8051உம் விற்பனைக்கு வந்தன. 8048இல் இருந்த அழிநினைவகம் 64 பைற்று. தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட செய்நிரலைப் பின்னர் மாற்றவொண்ணாமையால், இவற்றுக்கு எழுதியோர் கயிற்று நினைவகத்துக்கு எழுதியோரின் அதே கட்டுப்பாட்டுள் இருந்தனர். பொறிமொழியே அவர்க்குப் புகலிடம். மின்னால் அழித்து எழுதத்தக்க நினைவகம் சில்லினுள் வந்தபின்னரே சி மொழி இத்துறையில் வேரூன்றியது. நோர்வேயிற் கருவுற்று 1997இல் வெளிவந்த ஏவீஆர் சில்லின் அமைப்பையே சி மொழிபெயர்ப்பி எழுதுவோருடன் கலந்து வகுத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. துவிபாஷி முறையும் அழியவில்லை. 1992இல் பரலக்ஸ் கொம்பனியின் சிறு பலகையில் பேசிக் மொழியைப் பெயர்த்தது. பின்னர் பைதன் மொழியையும் இத்தகைய சில்லுகளிற் பெயர்க்கின்றது. இத்தாலியில் 2005இற் பிறந்த ஆடுயீனோப் பலகையில் மாணவர் எழுதும் முடிவில்லாச் சுற்றோ, பழைய நேரசூசி முறையின் மிக எளிய வடிவமேயன்றி வேறன்று.

முன்னுரிமை முறையில் மறைந்துகிடந்த இன்னோர் இடர் 1997இல் வெளிப்பட்டது. யூலை 4ஆந் திகதி செவ்வாயில் இறங்கிய பாத்பைண்டர் கலத்தின் கணனி, சில நாட்களில் தானாகவே மீண்டும் மீண்டும் தொடங்கலாயிற்று. வானிலை அளவைகளைச் சேர்க்கும் தாழ்ந்த வேலையொன்று பொதுக் கருவியொன்றைக் கைப்பிடித்திருக்க, அக்கருவிக்காக உயர்ந்த வேலை காத்துநின்றது. அவ்வேளையில் இடைத்தரத்து வேலையொன்று நுழைந்து தாழ்ந்ததை ஓடவிடாது தடுத்தது. இவ்வாறு நடுவிலிருந்தது உயர்ந்ததை அடக்கிவிட, காவற்கடிகாரம் ஏதோ கெட்டுவிட்டதென எண்ணி அனைத்தையும் மீளத் தொடக்கியது. இந்நோய்க்கு மருந்து ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. லூயி ஷா, ராகுநாதன் ராஜ்குமார், ஜோன் லெஹோஸ்கி என்போர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், உயர்ந்தது காத்திருக்கும்வரை தாழ்ந்ததற்கும் அவ்வுயர்ந்ததன் முன்னுரிமையையே கடனாக வழங்கவேண்டும் எனக் காட்டியிருந்தனர். அவருள் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்திற் பட்டம்பெற்றவர். பாத்பைண்டரின் செய்நிரலில் அவ்வசதி இருந்தும் அணைக்கப்பட்டிருந்தது. புறப்படுமுன் நடந்த சோதனைகளிலும் அந்நோய் அரிதாகத் தலைகாட்டியிருந்தது. மீண்டும் வரவழைக்க இயலாமையால் அப்போது பிடிபடவில்லை. பூமியிலுள்ள இரட்டைக் கணனியில் நோயை வரவழைத்துக் கண்டபின், அவ்வசதியை இயக்குமாறு சிறு மாற்றமொன்று செவ்வாய்க்கு அனுப்பப்பட்டது. மீள்தொடக்கங்கள் நின்றன. கலம் செப்ரெம்பர் 27ஆந் திகதி வரை செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தது.